போர்க்குடிப் பெருமை வேண்டாம், படைத்தாள் வேண்டும்

தமிழ்நாட்டில் போர்க்குடி அல்லாத சாதி ஒன்றைக் காட்டுங்கள் பார்க்கலாம். சுவரொட்டியில் வாள், கல்யாணப் பத்திரிகையில் குதிரை, வாட்ஸ்அப்பில் ‘ஆண்ட பரம்பரை’ என்று ஆளுக்கொரு தளபதி கிடைத்துவிட்டார். கடந்த சில ஆண்டுகளாக நம் பிள்ளைகளையும் இது தொற்றியிருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துப் பட்டாளத்தின் பழைய புகைப்படம் ஒன்றைப் பகிர்ந்து, ‘நாங்களும் போர்க்குடிதான்’ என்று கீழே எழுதுகிறார்கள். ஜனவரி 1 வந்தால் கோரேகான் தூண். மற்ற நாட்களில் சென்னை ராணுவத்தின் பறையர் சிப்பாய்கள்.

இந்த ஆசையின் பின்னால் இருக்கும் காயம் எனக்குத் தெரியாததல்ல. கோழை என்றும் அடிமை என்றும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டவர்கள் ஒரு சீருடையைக் கண்டதும் நிமிர்ந்து நிற்பது இயல்பு. நானும் அப்படி ஒரு சிப்பாயின் வழியில் வந்தவள்தான். கொடைக்கானல் அட்டுவம்பட்டியில் இருக்கும் மகளிர் பல்கலைக்கழகத்தில் பட்டாளத்துக் குடும்பங்களைப் பற்றித்தான் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். படையில் இருந்த முன்னோர்களை நாம் தேடியே ஆக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எதைத் தேடுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். வீரத்தைத் தேடிப் போனால் அடுத்தவன் நமக்காக எழுதிவைத்த சான்றிதழ்தான் கையில் கிடைக்கும். சம்பளம், ஓய்வூதியம், பெயர், படிப்பு ஆகியவற்றைத் தேடிப் போனால் நம் மக்களின் வரலாறு கிடைக்கும்.

கொடைக்கானலில் இருந்துகொண்டு இதை யோசிக்கும்போது அமெரிக்காவைத் தவிர்க்க முடிவதில்லை. 1845இல் இங்கே முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டியவர்கள் மதுரையிலிருந்து வந்த அமெரிக்க மிஷனரிகள். அவர்களையும் அவர்களுடைய மூட்டைகளையும் சுமந்து மலையேறியவர்கள் எழுத்தில் ‘கூலிகள்’ என்று மட்டுமே இருக்கிறார்கள். இது நடந்து பதினாறு ஆண்டுகள் கழித்து அந்த மிஷனரிகளின் சொந்த நாட்டில் போர் மூண்டது. உள்நாட்டுப் போர் என்றதும் நமக்கு ஈழம்தான் நினைவுக்கு வரும். நான் சொல்வது 1861 முதல் 1865 வரை அடிமை முறையின் பெயரால் அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் மோதிக்கொண்ட போர்.

தன் பூட்டன் அந்தப் போரில் எந்தப் படைப்பிரிவில் இருந்தார் என்று தேடுவது அமெரிக்க வெள்ளையர்கள் பலருக்கு ஓய்வு நேர விருப்பம். கறுப்பின மக்களுக்கு அதே தேடல் வேறு கனம் கொண்டது. 1860 வரை அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அடிமைகளுக்குப் பெயர் கிடையாது. முதலாளியின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் ஆகியவற்றைக் குறித்து விட்டுவிடுவார்கள். விடுதலை பெற்றவர்கள் அனைவரும் பெயரோடு எழுதப்பட்ட முதல் கணக்கெடுப்பு 1870இல் நடந்தது. குடும்ப வரலாறு தேடும் கறுப்பின மக்கள் அந்த ஆண்டை ஒரு சுவர் என்கிறார்கள். அதற்கு முன்னால் போனால் இருட்டு.

அந்தச் சுவரில் துளை போட்டது ஓய்வூதியக் கோப்பு. வடக்குப் படையில் சுமார் 1,79,000 கறுப்பினத்தவர் சேர்ந்தார்கள். பெரும்பாலோர் காலாட்படை. ஏறக்குறைய 40,000 பேர் உயிர் விட்டார்கள். இறந்தவரின் மனைவி ஓய்வூதியம் கேட்டால் திருமணத்தை நிரூபிக்க வேண்டும். அடிமைகளின் திருமணத்தைச் சட்டமே ஏற்காதபோது தாளுக்கு எங்கே போவது? அதனால் அரசாங்கம் விசாரணை அதிகாரிகளை ஊர் ஊராக அனுப்பியது. அக்கம்பக்கத்தார், கூட அடிமையாக இருந்தவர்கள், பிரசவம் பார்த்தவள், சில வேளை பழைய முதலாளி என்று எல்லோரிடமும் வாக்குமூலம் வாங்கினார்கள். யார் யாரை எந்த ஊருக்கு விற்றார்கள், எந்தக் குழந்தை எந்த அறுவடையின்போது பிறந்தது, முதலாளியின் குடும்பப் பெயரை விட்டுவிட்டு இவர் ஏன் வேறு பெயர் வைத்துக்கொண்டார் என்பதெல்லாம் அந்தக் கோப்புகளில் ஏறின. இவள் பொய் சொல்கிறாளோ என்ற சந்தேகத்தில் எழுதப்பட்ட தாள்கள், பெயரே இல்லாதிருந்த ஒரு மக்கள் கூட்டத்தின் ஆகப் பெரிய குடும்பப் பதிவேடாக ஆகிவிட்டன.

அதே போரில் இன்னொரு செய்தியும் உண்டு. மாசசூசெட்ஸ் 54ஆவது காலாட்படை 1863இல் வாக்னர் கோட்டையைத் தாக்கிய வீரத்தைச் சினிமாவாகவே எடுத்தார்கள். அந்தப் படை சம்பளத்துக்காக நடத்திய போராட்டமும் அதற்குச் சற்றும் குறைந்ததல்ல. வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். கறுப்புச் சிப்பாய்க்கு 10 டாலர் என்று சொல்லி, துணிக்கென்று 3 டாலரைப் பிடித்துக்கொண்டு 7 கொடுத்தார்கள். 54ஆவது படையினர் ஓராண்டுக்கு மேலாகச் சம்பளத்தையே தொடவில்லை. குறையும் தொகையை மாநில அரசே தருகிறது என்று சொல்லியும் வாங்க மறுத்தார்கள். 1864 ஜூனில் நாடாளுமன்றம் சம ஊதியத்தை ஏற்றது. அடிமைகளை விடுவித்த ஹாரியட் டப்மன் அதே போரில் செவிலியாகவும் வேவு பார்ப்பவராகவும் வேலை செய்தவர். அவருக்கு முதலில் கிடைத்தது படைவீரரின் விதவை என்ற வகையில் மாதம் 8 டாலர். அது 20 டாலராக உயர்ந்தது 1899இல். போர் முடிந்து முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்த வரலாறு நம் இயக்கத்துக்கு அந்நியமானதல்ல. ஜோதிராவ் புலே 1873இல் ‘குலாம்கிரி’ நூலை அடிமை ஒழிப்புக்காகப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குத்தான் காணிக்கையாக்கினார். இங்கே 1843இல் வந்த ஐந்தாம் சட்டம், அடிமை மீது உரிமை கோரினால் நீதிமன்றம் ஏற்காது என்று சொன்னதோடு நின்றுவிட்டது. எந்தப் படியாளின் கையிலும் யாரும் விடுதலைத் தாள் கொடுக்கவில்லை. நமக்கும் ஒரு சுவர் இருக்கிறது. அதில் துளை போடக்கூடிய தாள்களில் ஒன்று பட்டாளத்தில் இருக்கிறது என்பதுதான் நான் சொல்ல வருவது.

கம்பெனியின் சென்னை ராணுவத்தில் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே பறையர்கள் இருந்தார்கள். காலாட்படையில் இருந்தார்கள். மண்வெட்டியும் கடப்பாரையும் துப்பாக்கியுமாக முன்னால் போய்ப் பாதை வெட்டிய பயனியர் படையிலும் சாப்பர் படையிலும் கணிசமாக இருந்தார்கள். 1841இல் கான்டன் நகருக்கு வெளியே, மழையில் துப்பாக்கி நனைந்து வெடிக்காமல் போக, சீனக் கிராமத்தாரால் சுற்றிவளைக்கப்பட்டது சென்னையின் 37ஆவது காலாட்படையைச் சேர்ந்த ஒரு கம்பெனி. 1885இல் பர்மாவைப் பிடிக்கப் போன படையிலும் சென்னைச் சிப்பாய்கள் ஏராளம். கேட்கிறேன், இதில் நாம் மார்தட்டிக்கொள்ள என்ன இருக்கிறது? தன் ஊரைக் காத்துக்கொள்ள வேலெடுத்து வந்த சீன விவசாயி நமக்கு என்ன கெடுதல் செய்தான்?

அந்த வீரத்துக்கு யார் மதிப்பெண் போட்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 1880களின் முற்பகுதியில் சென்னை ராணுவத்தின் தளபதியாக இருந்து, பிறகு 1893 வரை இந்தியா முழுமைக்கும் தளபதியாக இருந்தவர் ராபர்ட்ஸ். தென்னாட்டுக்காரன் சண்டைக்கு ஆகமாட்டான், வடமேற்கில் இருக்கும் சில இனங்களே போர்க்குடிகள் என்ற கொள்கையை ஊன்றியவர்களில் முதன்மையானவர். அதன் பிறகு சென்னைப் படைப்பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன, அல்லது பஞ்சாபியர் படைகளாக மாற்றப்பட்டன. மிச்சமிருந்த கர்நாடகக் காலாட்படைப் பிரிவுகளில் ஆட்களைச் சாதிவாரியாகக் கம்பெனி பிரித்தார்கள். ‘தமிழர்’ என்று சில கம்பெனிகள், ‘பறையர், கிறிஸ்தவர்’ என்று தனியாகச் சில கம்பெனிகள். சேரியை ஊருக்கு வெளியே வைத்தது போலவே பறையரைத் தமிழர் கணக்குக்கு வெளியே வைத்தது படைப் பட்டியல். முதல் உலகப் போரில் ஆள் பற்றாக்குறை வந்ததும் கதவு திறந்தது. போர் முடிந்ததும் மூடியது. மூன்றாவது மெட்ராஸ் ரெஜிமென்ட் 1928க்குள் இல்லாமல் போனது. பயனியர் படைகள் 1933இல் கலைக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போர் வந்ததும் மறுபடியும் தமிழன் போருக்குத் தகுதியானவன் ஆகிவிட்டான்.

ஆக, போர்க்குடி என்பது ஆள்பவன் தேவைக்குக் கொடுத்து, தேவை தீர்ந்ததும் பிடுங்கிக்கொண்ட பட்டம். பிறப்பை வைத்துத் தகுதியை அளப்பதில் அதற்கும் வருணத்துக்கும் என்ன வித்தியாசம்? ‘நாங்களும் போர்க்குடி’ என்று சொல்கிற நொடியில் அந்த அளவுகோலை நாம் ஒப்புக்கொண்டுவிடுகிறோம். அந்த அளவுகோலில் இன்னொரு சாதி நமக்குக் கீழே போகும். சாதிப் பெயரில் படைப்பிரிவு வேண்டும் என்று வடக்கே எழும் கோரிக்கைகளையும் இந்தக் காரணத்தால்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 1943இல் தொடங்கி 1946இல் கலைக்கப்பட்ட சமார் ரெஜிமென்ட்டுக்கு நடந்தது அநீதி. அதில் இருந்தவர்களின் பெயரையும் பணிக் காலத்தையும் வெளியே கொண்டுவர வேண்டும். அதற்காக இன்னொரு சாதிப் படை வேண்டியதில்லை.

எங்கள் குடும்பத்தில் பட்டாளம் விட்டுச்சென்றது என்ன என்று சொல்கிறேன். என் தாத்தாவின் அப்பா அப்போதைய வட ஆர்க்காடு மாவட்டத்திலிருந்து பயனியர் படைக்குப் போனவர். முதல் உலகப் போரில் பஸ்ராவுக்கு அனுப்பினார்கள். அங்கே காய்ச்சலில் இறந்தார். குண்டடி படவில்லை, கொடி பிடிக்கவில்லை. பாதை வெட்டப் போன இடத்தில் நோய் கண்டு செத்தார். வீட்டுக்கு ஒரு வெள்ளிப் பதக்கம் வந்தது. அந்தப் போர்ப் பதக்கங்களின் விளிம்பில் சிப்பாயின் எண், பெயர், படைப்பிரிவு மூன்றையும் பொறித்திருப்பார்கள். ஒரு பஞ்ச காலத்தில் எங்கள் பெரிய ஆயா அதைத் தட்டாரிடம் கொடுத்து உருக்கி விற்றுவிட்டார். எண் அதோடு போயிற்று. எண் இல்லாமல் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் தேடினால் அதே பெயரில் பலர் இருக்கிறார்கள். எங்களவர் யாரென்று பிரித்தெடுக்க முடியவில்லை.

பெரிய ஆயாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்த வெள்ளி சோறாகியிருக்கிறது. பதக்கத்தைவிட முக்கியமானது அவருக்கு மாதாமாதம் வந்த குடும்ப ஓய்வூதியம். சில ரூபாய்தான். அதை வாங்கத் தாலுகா கஜானாவுக்கு நடக்க வேண்டும். அதற்கு முன்னால், இந்தப் பெண் உயிரோடு இருக்கிறாள் என்று கிராம முன்சீப்பிடம் கையெழுத்து வாங்க வேண்டும். தெருவில் நின்றுதான் வாங்க வேண்டும். கையெழுத்துக்குக் கூலியாக அந்த வீட்டுக் களத்தில் ஒரு நாள் வேலை. பஸ்ராவரை போய்ச் செத்தவனின் மனைவி உயிரோடு இருக்கிறாளா என்பதை முடிவு செய்ய ஊர்ச் சாதிக்காரனின் பேனா தேவைப்பட்டது. 1980இல் கிராம முன்சீப், கர்ணம் பதவிகள் ஒழிந்தபோது எங்கள் சேரி ஏன் மகிழ்ந்தது என்பது இந்தக் கதையைக் கேட்டால் புரியும்.

ஆனால் மற்ற இருபத்தொன்பது நாளும் அவர் கையில் காசு இருந்தது. என் அத்தை சொல்வார், ‘கூலி இல்லாமக் கூப்பிட்டா வரமாட்டேன்னு எங்க தெருவுல மொதல்ல சொன்னது எங்க ஆயாதான்’ என்று. அந்தக் காசில்தான் தாத்தா மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தார். அவர் மகன், என் அப்பா, அரசுப் பள்ளி ஆசிரியர். நான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். இந்தச் சங்கிலியில் வீரத்துக்கு எந்தக் கண்ணியும் இல்லை. இருப்பது, ஊராரின் தயவு தேவைப்படாமல் வந்த பணம்.

இன்னொன்றும் உண்டு. படையில் சேர்ந்தவருக்கு எழுதும் தாளில் பெயர், தகப்பன் பெயர், சாதி, கிராமம், தாலுகா, உயரம், அங்க அடையாளம் எல்லாம் இருக்கும். எங்களவரை ஊர் ‘ன்’ விகுதி போட்டுத்தான் கூப்பிட்டது. படைத் தாளில் அதே பெயர் ‘சாமி’ என்று முடிந்தது என்பார் தாத்தா. ஆளெடுக்க வந்தவரிடம் அப்படிச் சொல்லிக்கொண்டாராம். அமெரிக்க ஓய்வூதியக் கோப்புகளில், முதலாளி வைத்த பெயரை ஏன் மாற்றிக்கொண்டேன் என்று சிப்பாய்கள் விளக்கும் பக்கங்களைப் பற்றிப் படித்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

கோரேகானையும் இப்படித்தான் வாசிக்க வேண்டும் என்பேன். 1927 ஜனவரி 1 அன்று பாபாசாகேப் அங்கே போனார். அந்தத் தூணில் ‘நாக்’ என்று முடியும் மகர் பெயர்கள் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. கிராமக் கிணற்றை நெருங்க முடியாதவனின் பெயர் பொதுவெளியில் நிற்கிறது என்பதே அந்தத் தூணின் பலம். பாபாசாகேப் பிறந்ததே மாவ் ராணுவக் குடியிருப்பில். தந்தை சுபேதார் ராம்ஜி படைப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். படைக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கல்வி கட்டாயமாக இருந்ததும், அதனால் தீண்டப்படாதோர் மத்தியில் எழுத்தறிந்த ஒரு தலைமுறை உருவானதும் அவர் திரும்பத் திரும்பச் சொன்ன செய்தி. 1890களில் மகர்களைப் படையில் சேர்ப்பது நின்றபோது, ஓய்வுபெற்ற படைவீரர் கோபால் பாபா வலங்கர் மனு எழுதினார். அது வேலைக்கான மனு. தமிழ்நாட்டிலும் இந்தத் தடம் தெரிகிறது. பண்டிதர் அயோத்திதாசரின் சாக்கைய பௌத்த சங்கம் கிளை பரப்பிய இடங்களில் செகந்திராபாத்தும் ரங்கூனும் உண்டு. இரண்டும் பட்டாளம் இருந்த ஊர்கள். பத்திரிகைக்குச் சந்தா கட்டவும் அதைப் படித்துக் காட்டவும் ஆள் இருந்த ஊர்களில் இயக்கம் வேர் விட்டது.

இதையெல்லாம் தேடிப் போனால் வாசலிலேயே தடுக்கிறார்கள். ஒரு கருத்தரங்கில் என் கட்டுரையைக் கேட்ட பேராசிரியர் ஒருவர், ‘இது குடும்பக் கதை, வரலாறு ஆகாது’ என்றார். இந்தப் பழனிமலையின் அடிவாரம் முழுக்கப் பாளையங்கள். பாளையக்காரர்கள் தங்கள் குடும்பத்தைப் பற்றித் தாங்களே சொன்ன வம்சாவளிகளைக் காலின் மெக்கன்சி திரட்டி வைத்தார். இருநூறு ஆண்டுகளாக அவை வரலாற்று மூலம். அவர்கள் சொன்னால் வம்சாவளி, ஆயா சொன்னால் கதை. எது ஆவணம் என்பதைத் தீர்மானிக்கும் பேனாவும் நெடுங்காலம் முன்சீப் கையில்தான் இருந்திருக்கிறது.

நாடு கடந்தாலும் இதே கதைதான். லண்டனில் இருக்கும் சென்னை ராணுவத்தின் ஆள் பட்டியல்கள் பெரும்பாலும் ஐரோப்பியருடையவை. சிப்பாய்களின் தனித்தாள்கள் அந்தந்தப் படைப்பிரிவோடு இருந்தன. படை கலைந்தபோது தாள்களும் சிதறின. மெசபடோமியாவில் இறந்து கல்லறை தெரியாத 40,000க்கும் மேற்பட்டோருக்காகப் பஸ்ராவில் நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். அதன் சுவரில் பிரிட்டிஷ்காரர்களுக்குப் பெயர் உண்டு, இந்திய அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு. சாதாரண இந்தியச் சிப்பாய்க்கு, படைப்பிரிவின் பெயருக்குக் கீழே எண்ணிக்கை மட்டும். நம் ஊர்களில் வைத்த போர் நினைவுக் கல்வெட்டுகளும் இந்தக் கிராமத்திலிருந்து போனவர் இத்தனை, மாண்டவர் இத்தனை என்று தலையைத்தான் எண்ணின. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் சிறப்புக் குழு 2021இல் இதை ஒப்புக்கொண்டது. இந்தியா, ஆப்பிரிக்கா, எகிப்து உள்ளிட்ட பகுதிகளைச் சேர்ந்த 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டார்கள் என்றும், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரோடு நினைவுகூரப்படவில்லை அல்லது அறவே நினைவுகூரப்படவில்லை என்றும் அறிக்கை கொடுத்தது.

மனம் இருந்தால் வழி உண்டு என்பதற்குப் பஞ்சாப் சாட்சி. முதல் உலகப் போருக்குப் போன பஞ்சாபியர் சுமார் 3,20,000 பேரைக் கிராமவாரியாக எழுதிய பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்தன. பிரிட்டனில் வாழும் பஞ்சாபியர் அமைப்பு ஒன்றும் கிரீனிச் பல்கலைக்கழகமும் சேர்ந்து அவற்றை இணையத்தில் ஏற்றின. இன்று ஒரு பேத்தி தன் ஊர்ப் பெயரைத் தட்டித் தேடலாம். அமெரிக்கத் தலைநகரில் 1998இல் திறந்த கறுப்பினப் படைவீரர் நினைவிடத்தில் 2,09,145 பெயர்கள் இருக்கின்றன. சென்னை மாகாணத்துக்கு இப்படி ஒன்றைச் செய்யுங்கள் என்று நாம் எந்த அரசிடம் கேட்டிருக்கிறோம்? எந்த மாநாட்டில் தீர்மானம் போட்டிருக்கிறோம்?

என் கோரிக்கைகள் எளியவை. எழும்பூர் ஆவணக் காப்பகம், மாவட்டக் கருவூலங்கள், முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் ஆகியவற்றில் இருக்கும் பழைய ஓய்வூதியப் பதிவேடுகளைத் தேடித் தொகுத்து, கிராமவாரியாகப் பொதுமக்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும். படைப்பிரிவு மையங்களில் எஞ்சியிருக்கும் சேர்க்கைத் தாள்களை ஒன்றிய அரசு திறந்துவிட வேண்டும். பட்டியல் சாதி ஆய்வு மாணவர்களை இந்த வேலையில் ஊதியத்தோடு அமர்த்த வேண்டும்.

அரசு வரும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. டிரங்குப் பெட்டியில் டிஸ்சார்ஜ் தாள் இருந்தால் இன்றே கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். பதக்கம் இருந்தால் முகப்பை விட்டுவிட்டு விளிம்பைப் பாருங்கள். அங்கேதான் எண் இருக்கும். போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் பெயரை மட்டும் தட்டாமல், தகப்பன் பெயரையும் தாலுகாவையும் ஒப்பிடுங்கள். சில பதிவுகளில் இரண்டும் இருக்கின்றன. வீட்டுப் பெரியவர்களிடம், ‘தாத்தா எத்தனை பேரைச் சுட்டார்’ என்று கேட்காதீர்கள். பணம் எப்போது வந்தது, யார் போய் வாங்கினார்கள், யார் கையெழுத்துப் போட்டார்கள், அந்தப் பணத்தில் யார் படித்தார்கள் என்று கேளுங்கள். பதில் பெரும்பாலும் ஒரு பெண்ணைப் பற்றியதாக இருக்கும். அவள் பெயரையும் எழுதி வையுங்கள்.